லேயர் எண்ணிக்கையா, மைக்ரான் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுக் கார் எடுப்பவர்களிடம் 'மூன்று லேயர், ஐந்து லேயர், ஏழு லேயர்' என்று, பெயிண்டைக் காக்க அதன்மேல் பூசும் திரவப் பூச்சான செராமிக் கோட்டிங்கை அடுக்கடுக்காக விலை பேசுகிறார்கள். லேயர் கூடக் கூடப் பணம் கூடுகிறது. பாதுகாப்பு அதே கணக்கில் கூடுவதில்லை. அந்த வேலையையே செய்பவர்கள் நாங்கள் என்பதால் இதை எழுதுகிறோம்.

கம்பெனி பெயிண்ட் என்பது பிரைமரிலிருந்து மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 வரை. ஒரு லேயர் செராமிக் காய்ந்தபின் மிஞ்சுவது ஒரு மைக்ரான், பல நேரம் அதற்கும் குறைவு. ஏழு லேயர் போட்டாலும் தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். பைபாஸில் லாரி டயர் தெறிக்கும் ஜல்லியை அது தடுக்காது. அதற்கு 150 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள பி.பி.எஃப். எனும், பெயிண்டின்மேல் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம்தான் வேண்டும். விளம்பரத்தில் வரும் '9ஹெச்' வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பென்சில் கீறல் சோதனையின் அளவு. பிள்ளைகள் வைத்திருக்கும் ஹெச்.பி. பென்சிலின் வரிசையில் கடைசிப் பென்சில், அவ்வளவே.

உண்மையில் காசு போக வேண்டிய இடம் கோட்டிங்குக்கு முந்தைய வேலை. ஷாம்பு வாஷ், இரும்புத்தூளைக் கரைக்கும் திரவம், தார் நீக்கி, பிறகு ஒட்டியிருக்கும் துகளை இழுத்தெடுக்கும் களிமண் கட்டியான க்ளே பார். கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவினால் சொரசொரப்பு தட்டக் கூடாது. அடுத்து பாலிஷ். இங்கேதான் எச்சரிக்கை தேவை. கனமான காம்பவுண்ட் வைத்து ஒருமுறை மெஷின் ஓட்டினால் கிளியர் கோட்டில் சில மைக்ரான் போய்விடும். அது திரும்ப வராது. ஒரு மைக்ரான் செராமிக் ஏற்றுவதற்காக மூன்று மைக்ரான் கிளியர் கோட்டைச் சுரண்டுவது என்ன வியாபாரம்? புதுக் காருக்குப் பெரும்பாலும் மென்மையான ஃபினிஷிங் பாலிஷே போதும். வேலைக்கு முன்னும் பின்னும் பெயிண்ட் தடிமனைக் காட்டும் கேஜ் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கதவு மட்டும் 250, 300 என்று காட்டினால் அது மறுபெயிண்ட் அடித்த கதவு. அந்த பெயிண்ட் புதிதென்றால், உள்ளே இருக்கும் சால்வென்ட் (கரைப்பான்) வெளியேற ஒரு மாதமாவது விட்டுத்தான் கோட்டிங் போட வேண்டும்.

பாலிஷில் உள்ள எண்ணெயை எடுக்க, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு கலந்து துடைக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தால் கோட்டிங் பெயிண்டின்மேல் உட்காராது, எண்ணெய்மேல் உட்காரும். சில மாதங்களில் தண்ணீர் உருண்டோடுவது நின்றுபோவதற்கு அதிகமும் இதுவே காரணம்.

போடும்போது இரண்டுக்கு இரண்டு அடி இடம் எடுத்து, திரவத்தைத் தேய்க்கும் அப்ளிகேட்டரில் ஆறேழு சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில் மழையில் நனைந்த ரோட்டில் பெட்ரோல் சிந்தியதுபோல வானவில் நிறம் ஓடும். அதுதான் துடைக்கும் நேரம். பாட்டிலில் இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தாலும், சென்னைப் புழுக்கத்தில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே துடைக்க வேண்டி வரலாம். காற்றின் ஈரம்தான் இதை இறுகவைக்கிறது. துடைக்காமல் விட்டுப்போன இடம் கருந்திட்டாக நிற்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியும். உடனே பார்த்துவிட்டால் அதே திரவத்தை ஒரு சொட்டுத் தொட்டு இளக்கி எடுக்கலாம். மறுநாள் பார்த்தால் திரும்பவும் பாலிஷ்தான். துடைத்த துணியைத் துவைத்து மறுபடி எடுக்கக் கூடாது. அதில் இறுகிய சிலிக்கா அடுத்த காரைக் கீறும்.

இரண்டாவது லேயரால் பயன் உண்டு. முதல் கையில் மெலிந்த இடங்களை அது நிரப்புகிறது. ஆனால் இடைவெளி தவறினால் இரண்டும் வீண். சீக்கிரம் போட்டால் புதிய திரவத்தின் சால்வென்ட் கீழ் லேயரைக் கலைத்துவிடும். ரொம்பத் தாமதித்தால் முதல் லேயர் எதையும் ஒட்டவிடாத பருவத்துக்கு வந்திருக்கும். மேலே விடும் திரவம் சேம்பிலையில் தண்ணீர்போலச் சுருண்டுகொள்ளும். இந்த இடைவெளி ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், பலவற்றில் ஒன்று முதல் சில மணி நேரம். பேஸ் (அடி லேயர்), டாப் (மேல் லேயர்) என்று இரண்டு பாட்டில் வந்தால் வரிசையையும் மாற்றக் கூடாது. எங்கள் கணிப்பில் கார் முழுக்க இரண்டு, வெயில் நேராக விழும் பானெட், ரூஃப், டிக்கிக்கு வேண்டுமானால் மூன்று. அதற்கு மேல் பில் மட்டும்தான் தடிக்கும்.

காலையில் விட்டால் மாலையில் ஏழு லேயரோடு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், கடிகாரத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பாட்டிலையும் பாருங்கள். செடான் காருக்கு ஒரு கை போடவே 15 மி.லி. வரை செலவாகும், 30 மி.லி. பாட்டில் ஒன்றில் ஏழு கை எப்படி வரும்? பொருளின் பெயர், திறந்த பாட்டில் எண்ணிக்கை, கேஜ் அளவு மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போடுபவர்கள், முதல் 24 மணி நேரம் காரைக் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். பனிகூடப் படக் கூடாது. ஒரு வாரம் ஷாம்பு வேண்டாம். தூறல் பட்டுவிட்டால் காயவிடாமல் மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் பானெட்டில் வெயிலில் காய்ந்தால் எத்தனை லேயர் இருந்தாலும் வெள்ளை வளையம் விழும். கோட்டிங் நன்றாக இறுகிய பிறகு இப்படி விழுந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில் ஆறிய பானெட்டில் ஒரு நிமிடம் ஊறவைத்துக் கழுவிப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் மட்டும் பாலிஷ் மெஷினை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கார் டீட்டெய்லிங் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.