முதுகலை ஆய்வைக் கூட்டாகச் செய்ய விடுங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் துறையின் இரும்பு பீரோவைத் திறந்து, பழைய முதுகலை ஆய்வேடுகளின் தலைப்புகளை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் படித்த துறையில் 'கல்லூரி மாணவர்களிடையே தன்மதிப்பும் மன அழுத்தமும்' என்பதே சற்றுச் சட்டை மாற்றிக்கொண்டு, தங்க எழுத்தில், ஆண்டுதோறும் வந்து நின்றது. கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு தலைப்பு. விடுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம். கெஞ்சிக் கூத்தாடி நூறு பேரைப் பிடித்தால் போதும். வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு அந்தத் தரவு எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை.

சில மாதங்களில் தனியாளாக ஒரு மாணவி வேறென்ன செய்துவிட முடியும்?

பல ஆய்வகங்கள் கூட்டாகச் சேர்ந்து முந்தைய உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த, 2014இல் வெளியான 'மெனி லேப்ஸ்' ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. 36 மாதிரிகள் (பங்கேற்பாளர் குழுக்கள்), 6,344 பேர், எல்லோருக்கும் ஒரே செய்முறை. 13 உளவியல் விளைவுகளைச் சோதித்தார்கள். மறு ஆண்டே இன்னொரு கூட்டுக் குழு 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது, பாதியில்கூடப் பழைய முடிவு மறுபடி கிடைக்கவில்லை. சிறு மாதிரிகளை நம்பியதும் அதற்கு ஒரு காரணம். நாமோ இன்னும் அதையே பயிற்சியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் கோரிக்கை இதுதான்: ஒரு வகுப்புக்கு ஒரே ஆய்வு. இருபது மாணவர்கள் ஆளுக்கு ஐம்பது பேரைச் சந்தித்தால் ஆயிரம் பேர். அதுவும் விடுதிக்கு வெளியே: பனியன் கம்பெனித் தொழிலாளர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் வினாத்தாளை வாய்விட்டு வாசித்துக் காட்டும்போதுதான், அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது மாணவருக்கு உறைக்கும்.

தனித்தனி ஆய்வேடு கட்டாயம் என்று விதி குறுக்கே வந்தால், தரவு பொதுவாக இருக்கட்டும். ஆய்வுக் கேள்வி அவரவருடையதாக இருக்கட்டும். வேலை முதல் பருவத்திலேயே தொடங்கட்டும். நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தையும் மாணவர்களே எழுதிப் பழகட்டும். புள்ளியியலுக்கு ஆர், ஜாஸ்ப், சோதனைகள் நடத்த சைக்கோபை எல்லாம் இலவச மென்பொருள்கள்; காசு கொடுத்து வாங்க வேண்டிய புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸின் திருட்டுப் பிரதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கட்டுரை வெளியாகும்போது, தரவு திரட்டி, அலசி, எழுதவும் செய்த மாணவரின் பெயர் நன்றியுரையில் அல்ல, ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவர் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியல் சொல்லித்தர ஆள் குறைவென்றால் முன்னாள் மாணவர்களைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் உளவியல் மாணவி ஒருத்தி