கேட்ட விலை எதுவும் எங்கள் மேசையோடு நிற்காது

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஓர் ஐயா, வீட்டு முகவர்களான எங்களோடு கோபித்துக்கொண்டார். 430,000 பவுணுக்கு விளம்பரம் போட்டிருந்த அவருடைய வீட்டை ஒருவர் 370,000-க்குக் கேட்டார். அன்றைக்கே ஐயாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். பின்னேரம் மின்னஞ்சலும் போனது. "இதையெல்லாம் ஏன் எனக்குக் கொண்டு வாறீங்கள்? நீங்களே திருப்பி அனுப்பியிருக்கலாமே" என்று சத்தம் போட்டார். 60,000 குறைத்துக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்தான். ஆனால் அவர் சொன்னபடி நாங்களே திருப்பி அனுப்பியிருந்தால், விதியை மீறிய பழி எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

அதே கிழமை ஓர் அக்கா வந்தார். சில வருடங்களுக்கு முன் வேறோர் ஏஜென்ட் மூலம் வீடு விற்றவர். விற்று, சாவி கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கதையோடு கதையாக, "உங்கட வீட்டை நாங்களும் கேட்டனாங்கள். 415,000 சொன்னோம். உங்களுக்கு விருப்பமில்லையாம் என்று சொல்லிப்போட்டினம்" என்றாராம். அக்கா விற்றது 400,000-க்கு. இப்படி ஒருவர் கேட்டதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

ஐயாவுக்கு வேண்டாத ஆஃபர் வந்தது. அக்காவுக்கு வேண்டிய ஆஃபர் வரவில்லை. இரண்டுக்கும் விதி ஒன்றுதான். அதை எங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒருமுறை விளக்கமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இங்கே பிரித்தானியாவில் வீட்டுத் தரகுத் தொழிலை ஆளுவது 1979-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஏஜென்ட்ஸ் சட்டம். அதன் கீழ் 1991-இல் ஓர் ஆணை வந்தது. ஏஜென்ட் செய்யக் கூடாதவை எவை என்று அது வரிசைப்படுத்துகிறது. அதில் ஒன்று, வாங்க வருபவர் சொன்ன ஆஃபரின் சரியான விவரங்களை விற்பவருக்குத் தாமதமில்லாமல், எழுத்தில் தெரிவிக்கத் தவறுவது. எழுத்தில் என்பதைக் கவனியுங்கள். போனில் சொன்னோம், வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினோம் என்பதோடு எங்கள் கடமை முடிவதில்லை. ஏஜென்ட்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன் அமைப்பின் நடத்தை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு வேலை நாட்களுக்குள் விற்பவருக்கும், கேட்டவருக்கும் எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்கின்றன.

விலை குறைவு, கேட்டவர் வீட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, இவரால் காசு புரட்ட முடியாது என்றெல்லாம் நாங்கள் நினைக்கலாம். நினைத்ததை உங்களிடம் சொல்லவும் செய்வோம். அவரிடம் கையில் காசு இருக்கிறதா, வங்கியின் முன்னனுமதிக் கடிதம் இருக்கிறதா, தன் வீட்டை விற்றுத்தான் வர வேண்டுமா என்று விசாரித்து அதையும் ஆஃபரோடு சேர்த்து எழுதுவோம். 425,000 சொல்லிவிட்டு, ஒன்று விற்றால்தான் மற்றதை வாங்கலாம் என்கிற நாலு வீட்டுச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருப்பவரைவிட, 418,000-ஐக் கையில் வைத்திருப்பவர் உங்களுக்குத் தோதாக இருக்கலாம். ஆனால் அதை நிறுத்துப் பார்ப்பது வீட்டுக்காரரின் வேலை. தராசு எங்களிடம் இல்லை.

ஒரேயொரு விலக்கு உண்டு. இன்ன மாதிரியான ஆஃபர் எனக்கு வேண்டாம் என்று நீங்கள் எழுதித் தந்தால், அவற்றை மட்டும் நாங்கள் அனுப்பத் தேவையில்லை. வாயால் சொன்னால் செல்லாது. "390,000-க்குக் கீழே கேட்டால் என்னிடம் கொண்டு வர வேண்டாம்" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். அந்த வரி வந்த பிறகு அதற்குக் கீழே கேட்பவர்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுவோம்.

ஆனாலும் அவசரப்பட்டு இதை எழுதித் தராதீர்கள் என்றே நான் சொல்வேன். முதலில் கேட்கும் விலை பெரும்பாலும் ஆழம் பார்க்கிற விலை. 370,000 என்று தொடங்கியவர் 385,000 வந்து, பிறகு 400,000-ஐத் தாண்டியதை இந்தக் கதிரையில் இருந்தபடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் கோடு கிழித்துவிட்டால் அந்த நடுப்படிகள் உங்கள் கண்ணில் படாது. ஒருவர் மெல்ல மெல்ல ஏறி வருகிறார் என்பதும் தெரியாமல் போகும்.

சரி, ஓர் ஏஜென்ட் ஏன் ஆஃபரை மறைக்க வேண்டும்? கூட விலைக்கு விற்றால் அவருக்கும் கமிஷன் கூடத்தானே? இந்தக் கேள்வியை அந்த அக்காவும் கேட்டார். அவருடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம். கமிஷன் 1.5 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400,000-க்கு விற்றால் ஏஜென்டுக்கு 6,000 பவுண். 415,000-க்கு விற்றால் 6,225. வித்தியாசம் 225 பவுண். அக்காவுக்கோ அந்த 225-ஐயும் அதற்குரிய 45 பவுண் வற் வரியையும் கழித்தாலும் 14,730 பவுண் கூடக் கிடைத்திருக்கும். வீட்டுக்காரருக்குப் பெரிய தொகை. ஏஜென்டுக்கு ஒருநாள் அலைச்சலுக்கும் காணாது. கையில் இருக்கிற ஆளோடு சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் தெரியும். நாங்களும் இதே கணக்கில்தான் பிழைக்கிறோம். மற்றவர்களைக் குறை சொல்லி எங்களை நல்லவர்களாகக் காட்ட நினைக்கவில்லை. ஆசை எல்லோருக்கும் உண்டு, அதனால்தான் அதற்கு விதி தேவைப்பட்டது.

இன்னொரு காரணம் மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன். சில இடங்களில் ஏஜென்டின் ஆளிடமே மோட்கேஜ் எடுத்தால் அந்த வழியாகவும் ஒரு கமிஷன் வரும். அதனால், "எங்கள் ஆலோசகரோடு கதைத்தால்தான் உங்கள் ஆஃபரை அனுப்புவோம்" என்று வாங்க வருபவரை நெருக்குவது நடக்கிறது. வாங்குபவர் நமது சேவையை எடுக்க மாட்டார் என்பதற்காக அவரை ஓரங்கட்டுவதையும் அதே 1991 ஆணை தடுக்கிறது. வாங்கும் பக்கம் இருக்கும் வாசகர்கள் இதை நினைவில் வையுங்கள். உங்களிடம் காசு வரும் வழி என்ன என்று நாங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். யாரிடம் கடன் எடுக்கிறீர்கள் என்பதை வைத்து உங்கள் ஆஃபரை நிறுத்தி வைக்க முடியாது.

எங்கள் பிழையையும் சொல்லாவிட்டால் இந்த மடல் சரியாகாது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கடை பூட்டப் போகும் நேரம் ஒருவர் போன் எடுத்து ஒரு விலை சொன்னார். எங்கள் பையன் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் பெயரையும் தொகையையும் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினான். திங்கட்கிழமை வங்கி விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை துப்புரவு முடிந்து நாங்கள் வந்தபோது அந்தத் தாள் மேசைக்கு அடியில், ஒரு கால் சுவடோடு கிடந்தது. அதற்கு முதல்நாளே வீட்டுக்காரர் வேறொருவருக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். நல்லகாலம், எழுத்து ஒப்பந்தம் இன்னும் கைமாறவில்லை. நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பழைய ஆஃபரையும் எழுத்தில் கொடுத்தோம். அவர் எதைத் தெரிவுசெய்தார் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த மூன்று நாள் அவருக்குத் தெரியாமல் போனது எங்கள் குற்றம். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒட்டுத்தாளில் ஆஃபர் எழுதக் கூடாது. போனை வைக்க முதல் கணினியில் பதிய வேண்டும், பதிந்த கையோடு மின்னஞ்சல் போக வேண்டும்.

சம்மதம் சொன்ன பிறகு வரும் ஆஃபரைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகம் தொலைபேசி வருகிறது. வீட்டைக் கொடுக்கச் சம்மதித்தாயிற்று, பலகையிலும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டு விற்பனையானது என்று ஒட்டியாயிற்று, இனி ஏன் வேறு ஆள் கேட்கிறார் என்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காணி, வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையொப்பமிட்டால்தான் செல்லும். இது 1989-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஒப்பந்தங்கள் இரு தரப்புச் சட்டத்தரணிகளான சொலிசிட்டர்களுக்கு இடையில் கைமாறும் நாள்வரை விற்பவரும் பின்வாங்கலாம், வாங்குபவரும் பின்வாங்கலாம். ஆகவே அதுவரை வரும் ஆஃபர்களையும் உங்களிடம் தர நாங்கள் கட்டுப்பட்டவர்கள். வாங்க இருப்பவர் வீட்டைப் பரிசோதிக்கும் சர்வேக்குக் காசு கட்டி, சொலிசிட்டருக்கும் கட்டியிருப்பார். நடுவில் வேறு ஆள் கூடக் கேட்கிறார் என்றால் அவருக்கு ஆத்திரம் வரும். அது எங்களுக்கும் நன்றாகத் தெரியும். "நான் வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி வேறு ஆஃபர் வேண்டாம்" என்று நீங்கள் எழுதித் தாருங்கள். அந்த நிமிடமே நிறுத்திவிடுவோம். வாக்குக் கொடுத்தது நீங்கள். அதைக் காப்பதா இல்லையா என்பதை நாங்கள் உங்களுக்காக முடிவுசெய்ய முடியாது.

இல்லாத ஆஃபரை இருக்கிறதாகச் சொல்வது இதன் மறுபக்கம். "இன்னொருவர் 5,000 கூடக் கேட்கிறார், நீங்களும் கொஞ்சம் ஏறுங்கள்" என்று ஆளே இல்லாமல் சொல்வதையும் அதே ஆணை தடுக்கிறது. எங்களிடம் நீங்கள் கேட்டால், வேறு ஆஃபர் இருக்கிறதா இல்லையா என்று உள்ளதைச் சொல்வோம். தொகையை ஒருவருக்குச் சொல்வதென்றால், விற்பவர் சம்மதத்தோடு, போட்டியில் இருக்கும் எல்லோருக்கும் சொல்வோம். இல்லையேல் ஒருவருக்கும் சொல்ல மாட்டோம்.

உங்கள் வீட்டைக் கேட்பவர் எங்கள் சொந்தக்காரர் என்றால் அதையும் எழுத்தில் சொல்ல வேண்டியது சட்டம். நம்மவர்களிடையே யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு உறவு வரும் என்பதால் இதை நாங்கள் தாராளமாகவே எழுதுகிறோம். சிலர் சிரிக்கிறார்கள். பரவாயில்லை.

வந்த ஆஃபர்களின் பதிவை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவற்றின் பட்டியலை எப்போது கேட்டாலும் தருவோம். வேறு இடத்தில் விற்றவர்களையும் தங்கள் ஏஜென்டிடம் கேட்டுப் பார்க்கச் சொல்கிறோம். ஏதோ சரியில்லை என்று பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது அவர்கள் தந்த இறுதிப் பதிலில் திருப்தி இல்லாவிட்டால், அவர்கள் சேர்ந்திருக்கும் குறைதீர் அமைப்புக்குப் போகலாம். 2008 அக்டோபர் தொடக்கம் வீடு விற்கும் எந்த ஏஜென்டும் அப்படியொரு அமைப்பில் சேராமல் தொழில் செய்ய முடியாது. இப்போது த புரொப்பர்ட்டி ஒம்புட்ஸ்மன், புரொப்பர்ட்டி ரெட்ரெஸ் என்று இரண்டு இருக்கின்றன. உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். மோசமாக நடக்கும் ஏஜென்டைத் தொழிலிலிருந்தே தடைசெய்யும் அதிகாரம் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு உண்டு. இந்தப் பந்தி எங்களுக்கும் பொருந்தும்.

வீடு வாங்கத் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கும்போது "ஒரு நாலு லட்சம் என்றால் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். அது ஆஃபரா, பேச்சா என்று எங்களுக்கு விளங்குவதில்லை. தொகை, காசு வரும் வழி, எப்போது முடிக்கலாம், இந்த மூன்றையும் ஒரு மின்னஞ்சலில் எழுதுங்கள். விற்பவருக்கு அனுப்பிவிட்டோம் என்ற பதில் இரண்டு வேலை நாளில் வராவிட்டால் போன் எடுத்துக் கேளுங்கள்.

கோபித்துக்கொண்ட ஐயா மறுநாள் 390,000 என்று கோடு போட்டு எழுதி அனுப்பினார். அடுத்த கிழமை, 370,000 கேட்ட அதே ஆள் 404,000 என்று வந்தார். வந்த பத்து நிமிடத்தில் ஐயாவுக்கு மின்னஞ்சல் போய்விட்டது. நேற்று எடுத்துக் கேட்டோம். மனிசியோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

இங்ஙனம்,
உங்கள் வீட்டு முகவர்கள்