மொத்தக் குரோமியம் எவ்வளவு? நீர்த் தர அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள எங்கள் மெரிபேங்க் பகுதி நிலத்தடி நீரில், குரோமிய உலோகத்தின் கொடிய நச்சு வடிவமான குரோமியம் 6 கலந்த விவகாரம் 2004 முதல் உங்கள் கோப்புகளில் இருக்கிறது. அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. சமூகக் கூடத்தின் பின்னால், வெயிலைக் கொண்டு அந்த நச்சைக் குறைக்க நிறுவிய தொட்டி பற்றி நீங்கள் அனுப்பிய ஒரு பக்க அறிக்கைதான் எங்களை எழுத வைத்தது. ‘குரோமியம் 6: கண்டறியப்படவில்லை’ என்கிறது அது. எல்லா வடிவக் குரோமியத்தையும் சேர்த்துச் சொல்லும் மொத்தக் குரோமியம் என்ற கட்டம் காலி.

தொட்டியிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்மேல் வெயிலின் புற ஊதா ஒளி பட்டால், கிளம்பும் எலெக்ட்ரான் குரோமியம் 6ஐ 3 ஆக மாற்றும். நச்சு வெகுவாகக் குறையும், மறுக்கவில்லை. ஆனால் உலோகம் தண்ணீரை விட்டுப் போவதில்லை. அமிலம் சேர்த்து பிஎச் (அமில, கார அளவு) 2, 3 அளவில் வினையை ஓட்டி, பிறகு சுண்ணாம்பு போட்டு 8, 9க்கு ஏற்றினால்தான் அது சாம்பல் பச்சைக் கசடாக அடியில் இறங்கும். அமிலம் சேர்க்காமல் விட்டால் வினை மந்தமாகும். உண்டாகும் குரோமிய ஹைட்ராக்சைடு டைட்டானியத் துகள்மேலேயே படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும்.

உங்கள் தொட்டிக் குழாயில் வரும் தண்ணீர் நீர்மோர் மாதிரி வெளுத்திருக்கிறது. 20, 30 நானோமீட்டர் துகளை மணல் வடிகட்டி பிடித்து நிறுத்தாது என்று உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதா? குரோமியம் ஒட்டிய துகளும் கூடவே வருகிறது. அந்தத் தண்ணீரைத்தான் வாளியில் பிடித்துப் போய்க் கீரைப் பாத்திக்கு ஊற்றுகிறார்கள். குளோரின் கலந்தால் குரோமியம் 3 மெல்ல மறுபடி 6 ஆகும். சோதனை அன்று இல்லாதது வாளியில் நாலு நாள் கழித்து இருக்கலாம்.

எனவே மொத்தக் குரோமியம் அளவைத் தாருங்கள். நிறமாற்றத்தை வைத்து அளக்கும் டைஃபீனைல் கார்பசைடு சோதனை 6ஐ மட்டுமே காட்டும். வடிகட்டாத மாதிரியை அமிலத்தில் செரித்து, உலோகம் எந்த வடிவில் இருந்தாலும் அளக்கும் ஐசிபி கருவியில் அளக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் குடிநீர்த் தரமான எஸ்ஏஎன்எஸ் 241 சொல்லும் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரம்பும் மொத்தக் குரோமியத்துக்குத்தான்.

  

இப்போது பணிவோடு கேட்பது இதுதான். மொத்தக் குரோமியம் அளவைத் தாருங்கள். கசடை எங்கே கொட்டுகிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். இரண்டும் வரும்வரை அந்தக் குழாயைப் பூட்டி, வாளியோடு வருபவர்களுக்கு லாரித் தண்ணீர் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர்கள்