விழாவுக்கு ஒரு நிறம் வேண்டாம்: வேலூர்க் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டக் கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் மாணவர் மன்றப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சத்துவாச்சாரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். புதிதாகத் தைப்பதைவிட, பிரித்துத் தைப்பதும் பிடித்துக் கொடுப்பதும்தான் இப்போது என் கடைக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல். கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் உங்கள் மாணவிகள். அந்தத் துணிகளைப் பார்த்துப் பார்த்து மனத்தில் சேர்ந்த ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். விழாவுக்கு விழா நிறம் குறித்து எல்லோரையும் புதுத்துணி வாங்க வைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். படிப்புக் காலம் முழுவதற்கும் உதவும் சில நல்ல உடைகளைத் தேர்ந்து வைத்துக்கொள்ள, சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர்களுக்கு வழிகாட்டுங்கள்.

சென்ற பிப்ரவரியில் முதலாண்டு மாணவி ஒருத்தி ஒரு சேலையோடு வந்தாள். துறை விழாவுக்கு அனைவரும் அரக்கு நிறம் என்று முடிவாகி, ஆன்லைனில் மொத்தமாக வாங்கியிருந்தார்கள். சேலை 850 ரூபாய், ரவிக்கைத் தையல் கூலி தனி. அவளுடைய அம்மா பீடி சுற்றுபவர். கையில் எடுத்தவுடனே பாலியெஸ்டர் என்று தெரிந்தது. சேலையின் கீழ் ஓரத்தில் பால்ஸ் துணி வைத்து அடிக்க ஊசி இறங்கிய இடமெல்லாம் இழை இழுத்துக்கொண்டு சுருங்கியது. விழா முடிந்த மறுமாதம் அதே சேலையோடு திரும்பி வந்து, "அக்கா, இதைச் சுடிதாராக மாற்றித் தர முடியுமா?" என்று கேட்டாள். மாற்றிக் கொடுத்தேன். ஆனால் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊர்க் கோடையில், வியர்வையை உறிஞ்சாத அந்தத் துணியை அவளால் ஒரு நாள் முழுக்க உடுத்தியிருக்க முடியவில்லை. "என்னிடம் பணம் இல்லை, நான் வேறு நிறத்தில் வருகிறேன்" என்று ஐம்பது பேர் நடுவில் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? அதை அவளுக்காக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவிக்கு எத்தனை உடை போதும் என்று என்னைக் கேட்டால், மூன்று கீழுடை, ஐந்து மேலுடை, இரண்டு துப்பட்டா என்பேன். கீழுடைகள் கருநீலம், கருப்பு, சந்தனம் என்று எதனோடும் ஒத்துப்போகும் நிறங்களில் அமைந்துவிட்டால், ஐந்து குர்தாக்களும் மூன்றோடும் சேர்ந்து பதினைந்து விதமாகும். துப்பட்டாவையும் மாற்றினால் முப்பது. குர்தா முழங்காலை ஒட்டிய நீளத்தில், இருபுறமும் வெட்டு வைத்து இருந்தால் பேன்ட்டுக்கும் பொருந்தும், பாவாடைக்கும் பொருந்தும். அதோடு நல்ல பருத்திச் சேலை ஒன்று போதும். மாணவர்களுக்கு இன்னும் எளிது: இரண்டு பேன்ட், நான்கைந்து சட்டை, ஒரு வேட்டி.

எண்ணிக்கையைவிட முக்கியமானது உள்தையல், அதாவது தையலுக்கு உட்புறம் விட்டுவைக்கும் கூடுதல் துணி. கடைகளில் விற்கும் ஆயத்த உடைகளை உட்புறம் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் அடித்த ஓரத்தில் கால் அங்குலத் துணிகூட இருக்காது. உடம்பு சற்றுப் பெருத்தால் பிரித்துவிட வழியில்லை, அதோடு அந்த உடையின் ஆயுள் முடிந்தது. நான் தைக்கும் எதிலும் பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டுத்தான் தைப்பேன். வளரும் பெண்ணின் பாவாடையில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்து, ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டு, ஒரே பாவாடையை மூன்று நான்கு தீபாவளிக்கு உடுத்தச் செய்தவர்கள் நம் பாட்டிமார்கள். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு நனைத்துக் காயவைப்பதும் அவர்கள் வழக்கந்தான். சுருங்குவது முன்பே சுருங்கிவிட்டால், தைத்த பின் அளவு மாறாது. இன்று அவசரத்தில் இதை விட்டுவிடுகிறோம்.

துணிக்காக எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் குடியாத்தம் லுங்கி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். இரண்டு மீட்டர் லுங்கித் துணியில் ஒரு குர்தா தாராளமாக வரும்; கட்டம் போட்ட துணியில் நான் தைத்துக் கொடுத்த சில குர்தாக்கள் ஐந்தாறு ஆண்டுகளாகியும் உழைக்கின்றன. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985இலேயே வந்துவிட்டது என்றாலும், விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது ஓயவில்லை. ஆகையால் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். துணியின் இரு ஓரங்களிலும் வரிசையாகச் சிறு துளைகள் தெரிகின்றனவா என்றும் பார்க்கலாம். நெய்யும்போது துணி அகலத்தில் சுருங்காதபடி இழுத்துப் பிடிக்கும் கோலின் ஊசித்தடம் அது.

பருத்தி என்பதற்காக அள்ளி வாங்கவும் கூடாது. ஒரு பருத்தி டீ-ஷர்ட் உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு. மணல் மட்டுமே தெரியும் பாலாற்றின் கரையில் இருந்துகொண்டு, காவிரித் தண்ணீரைக் குழாயில் எதிர்பார்த்திருக்கும் நமக்கு இந்தக் கணக்கு உறைக்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்று வெளி பாழ்பட்டதைக் குறித்து, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வேலூரின் பெயரோடுதான் சட்ட நூல்களில் நிற்கிறது. அதைச் சுற்றுச்சூழல் வகுப்பில் படித்து வரும் பிள்ளைகளிடம், ஒரே நாளுக்கென்று சாயமேற்றிய துணியை வாங்கச் சொல்வது முறையாகாது.

விழாவில் அழகும் ஒற்றுமையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "பருத்தி உடை, எந்த நிறமானாலும் சரி" என்று அறிவித்துப் பாருங்கள். அல்லது உடை அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரு ரிப்பன் கொடுங்கள். படிப்பை முடித்துப் போகிறவர்கள் நல்ல நிலையில் உள்ள உடைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போக, விடுதியில் ஓர் அலமாரியும் ஒதுக்கலாம்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். அன்றைக்குப் புதுச்சேலைக்கு ஆர்டர் கொடுக்காமல், அம்மாவின் பெட்டியில் மடித்திருக்கும் கைத்தறிச் சேலையையோ அப்பாவின் வேட்டியையோ உடுத்தி வரச் சொல்லுங்கள். கிழிசல் இருந்தால் அதற்கு முந்தைய வாரங்களில் எந்தச் சனிக்கிழமையானாலும் என் தையல் இயந்திரத்தோடு உங்கள் வளாகத்துக்கு வந்து, கூலி வாங்காமல் தைத்துத் தருகிறேன். காஜா எடுக்கவும், ஓரம் மடித்து அடிக்கவும், உள்தையல் பிரித்துவிடவும் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மேசையும், மின் இணைப்புள்ள ஓர் அறையும் தந்தால் போதும்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரித் தையற்காரி ஒருத்தி,
வேலூர்.