தவக்களை எழுதுவது

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு முன்னால் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டாதே. போன் செய்யலாம் என்று நாலு தடவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. குடை மாமா மறுபடியும் வீடு மாற்றிவிட்டார், இது எத்தனையாவது என்று அவருக்கே தெரியாது. மஞ்சக்குப்பத்தில் மற்றதெல்லாம் நீ விட்டுப்போன மாதிரியேதான்.

விஷயம் பாப்பாவைப் பற்றி.

அவள் நீச்சலுக்குப் போவது உனக்குத் தெரியும், எவ்வளவு தூரம் முற்றிவிட்டது என்று தெரியாது. பதினோரு வயசு, விடிகாலை ஐந்து மணிக்குத் தானாக எழுந்து என்னை எழுப்புகிறாள் (நம்மில் யாராவது அந்த ஐந்து மணியைப் பார்த்திருக்கிறோமா?). பட்டர்ஃபிளை நன்றாக வருகிறது என்றார் மாஸ்டர். ரெண்டு கையும் ஒன்றாக எழும்பி, இடுப்பிலிருந்து உதை அலை மாதிரி கிளம்பி, முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாம் பம்புசெட்டுக் கிணற்றில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு போட்டதெல்லாம் நீச்சலே இல்லைடா. கடப்பாரை நீச்சல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி. 50 மீட்டர் பட்டர்ஃபிளை, போய்த் திரும்பி வரவேண்டும். குதித்த உடனே காகிள்ஸுக்குள், அதுதான் நீச்சல் கண்ணாடிக்குள், தண்ணீர் போய்விட்டது. எப்படியோ தட்டுத்தடுமாறித் திரும்பினாள், வரும் வழியில் பாதியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் முடித்து மேலே ஏறியாயிற்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? "கயித்த விடு, நீந்து, நீந்து" என்று படிக்கட்டில் நின்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அதோடு விட்டேனா, வண்டியில் கெடிலம் பாலம் தாண்டுகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன், காகிள்ஸ் என்ன விலை தெரியுமா, தினமும் பெட்ரோல் எவ்வளவு ஆகிறது தெரியுமா என்று. எங்கப்பா என் வாய்க்குள் உட்கார்ந்து பேசின மாதிரி இருந்தது மாப்ளே.

1994 ஞாபகம் இருக்கிறதா? குற்றாலீஸ்வரன். அந்த வருஷம் தமிழ்நாட்டில் எந்தப் பையனும் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. நம் வயசுப் பையன், ஆங்கிலக் கால்வாய், பாக் நீரிணை என்று ஒரே வருஷத்தில் ஆறு இடங்களை நீந்திக் கடந்து, 1966-ல் ஐந்தைக் கடந்த மிஹிர் சென்னின் சாதனையையே தாண்டிவிட்டான். எங்கப்பா பேப்பரை மடித்துச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அதில் ரோஷம் வந்துதானே நாம் உப்பனாற்றைக் கடக்கக் கிளம்பினோம். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன், நீயே சிரித்துக்கொள். அவன் 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினதும் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அப்புறம் நீச்சலை விட்டுவிட்டு இஞ்சினியரிங் படிக்கப் போனானே, அந்தப் பேப்பரை மட்டும் எந்த அப்பாவும் மடித்து வைக்கவில்லை.

சரி, அன்று ராத்திரி சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று அமெரிக்க நீச்சல்காரன் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வீடியோவை எடுத்தேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். டீக்கடையில் நீயும் நானும் அடித்துக்கொண்ட 100 மீட்டர் பட்டர்ஃபிளை இல்லை, அதில் செர்பியாக்காரன் சாவிச்தான் முதலில் தொட்டான் என்று நீ சாகிற வரை சொல்வாய், ஃபெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59 என்று போர்டிலேயே போட்டும் நம்பாத ஆள் நீ. இது அதற்கு முன்னால் நடந்த 200 மீட்டர். குதித்ததும் ஃபெல்ப்ஸ் காகிள்ஸிலும் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து கடைசியில் சுவரே தெரியவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்த் தொட்டிருக்கிறான். 1 நிமிடம் 52.03 வினாடி, உலக சாதனை. அதற்கும் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, இன்னும் வேகமாக வந்திருக்கலாமாம். அவன் கோச் பாப் போமன் ரொம்ப வருஷம் முன்பே ஒரு சின்னப் போட்டியில் வேண்டுமென்றே காகிள்ஸை மிதித்து விரிசல் விட வைத்து, அதோடு நீந்தப் பழக்கியிருக்கிறார்.

"பாத்தியா?" என்று நான் ஆரம்பித்தேன். பாப்பா முழுசும் பார்த்தாள். "அவருக்கு கோச் முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டாரு. எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க அப்பாவும் மேல நின்னு கத்துவாரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் தூங்கினபிறகு தேடிப் படிக்க உட்கார்ந்தேன், ரெண்டு மணி ஆகிவிட்டது. அவனுக்கு ஒன்பது வயசாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்களாம். அப்பா போலீஸ்காரர், அம்மா பள்ளிக்கூடத்தில் வேலை. பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டான், கவனம் நிற்காது, அதற்கு மாத்திரை. அதைவிட, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே பயந்து முதலில் மல்லாந்து நீந்தத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். யார், ஃபெல்ப்ஸ்! போமன் கையில் சேர்ந்தபோது வயசு 11. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கிறார்கள், நாமும் நீந்தினால் வருஷத்துக்கு 52 நாள் லாபம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் அந்த மனுஷன். 15 வயசில் சிட்னி ஒலிம்பிக்ஸ், ஐந்தாவது இடம். அப்புறம் ஏதென்ஸில் ஆறு தங்கம், பெய்ஜிங்கில் எட்டு, எல்லாம் முடியும்போது மொத்தம் 28 பதக்கம், அதில் 23 தங்கம்.

அந்த 52 நாள் கணக்கைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் பாப்பாவை அழைத்துப் போனால் என்ன என்று. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அதற்கப்புறம்தான் மற்றதையும் படித்தேன். ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ் முடிந்ததும் மனசு பாதாளத்துக்குப் போய்விடும் என்று அவனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறான். 2012 லண்டனில் நாலு தங்கம் ரெண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு ஓய்வு என்று அறிவித்தவன், 2014-ல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு, அது ரெண்டாவது தடவை வேறு, பல நாள் அறையை விட்டே வெளியில் வராமல் உயிரோடு இருக்கவே பிடிக்காமல் கிடந்திருக்கிறான். நீந்துகிறவனாக மட்டுமே என்னைப் பார்த்தேன், மனுஷனாகப் பார்க்கவில்லை என்கிற மாதிரி பின்னால் சொல்லியிருக்கிறான். சிகிச்சைக்குப் போன இடத்துக்கு, பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்த அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறான். அவரும் வந்திருக்கிறார். 2016 ரியோவில் மறுபடி ஐந்து தங்கம், அது இருக்கட்டும். நான் அந்த அப்பா கிளம்பி வந்த இடத்திலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பாப்பாவைச் சென்னைக்கு அனுப்பினால்தான் மேலே போவாள், இங்கே வைத்திருந்தால் வீணாகிவிடும் என்கிறார் மாஸ்டர். என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டாள். அவள் தேவனாம்பட்டினத்துப் பெண் மாப்ளே. 2004 டிசம்பருக்கு அப்புறம் பீச்சுக்குக்கூட வரமாட்டாள், பூலுக்கு விட்டதே பெரிய விஷயம். அவள் பயப்படுவது தண்ணீருக்கு. நான் பயப்படுவது எனக்கு. பாப்பா ஜெயிக்கவேண்டும் என்று அவளுக்காக ஆசைப்படுகிறேனா, எங்கப்பாவின் பேப்பருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேனா, சத்தியமாகத் தெரியவில்லை. நீ என்னைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன், பட்டென்று சொல்.

நேற்றுக் காலையில் அவளாகவே, காகிள்ஸ் இல்லாமல் நீந்திப் பார்க்கிறேன், நீ கைவீச்சை எண்ணு என்றாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் என்னிடம் பேசின முதல் நீளமான வாக்கியம் அது. கண்ணை மூடிக்கொண்டு போனாள். பாதியிலேயே எனக்கு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது, குத்துமதிப்பாகப் பதினெட்டு என்றேன். "இருபத்தொண்ணுப்பா, நீ பாக்கவே இல்ல" என்றாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எண்ணத்தான் இல்லை.

மே மாதம் வேளச்சேரி பூலில் ஒரு மாசம் மட்டும் பழகட்டும், பிடித்தால் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடட்டும் என்று நினைக்கிறேன். உன் வீட்டில் தங்க வைக்க முடியுமா? உன் வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டு நிஜத்தைச் சொல், எனக்காகச் சரி என்று சொல்லாதே. காலையில் ஐந்து மணிக்கு எழுப்புவாள், அதையும் சொல்லிவிடு.

முதுநகரிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பஸ்ஸில் நாற்றமடிக்காமல் கட்டி அனுப்புகிறேன்.

உன்,
தவக்களை