டிரைவ்களை பிஎல்சியோடு இணைக்கும் முன்

சேலம் சேகோ ஆலை மெயின்டனன்ஸ் நண்பர்களே, டிரைவ்களுக்கும் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) பிஎல்சிக்கும் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இடையே மோட்பஸ் ஆர்டியு (இவை தகவல் பரிமாறும் முறை) இணைப்பு கொடுப்பவர்கள் கவனிக்கவும். அதற்கான ஆர்எஸ்-485 சிக்னல் ஒயரை ஒரு டிரைவிலிருந்து அடுத்ததற்கு என வரிசையாகவே இழுங்கள். பேனலிலிருந்து தனித்தனிக் கிளை பிரிக்க வேண்டாம். 120 ஓம் ரெசிஸ்டர் லைனின் இரண்டு கோடியிலும் மட்டும். நடுவில் உள்ள டிரைவ்களில் அந்த ரெசிஸ்டரைச் சேர்க்கும் சின்ன சுவிட்ச் தவறுதலாக ஆனில் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள், பாதித் தொல்லை அங்கேதான்! மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் சிக்னல் ஒயரைப் போடாதீர்கள். முகவரி எண் ஒவ்வொரு டிரைவுக்கும் வேறு. பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), பாரிட்டி (பிழை பார்க்கும் செட்டிங்) எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அப்புறம், தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்ற செட்டிங். அதைக் கவனிக்காமல் விட்டால் சில டிரைவ்கள் கடைசியாக வந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கிழங்கு அரைக்கும் இயந்திரத்துக்கு அது ஆகவே ஆகாது, நிற்கும்படி வையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்புக்குத் தனி ஒயர்தான்.