ஐந்து நாளுக்குள் காரியத்தை நகர்த்தியவர்களுக்கு நன்றி மடல்

181 மகளிர் உதவி எண்ணில் அழைப்பை எடுப்பவர்களுக்கும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான சகி ஒருங்கிணைந்த சேவை மையங்களின் பணியாளர்களுக்கும், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவினருக்கும், குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர்களுக்கும், சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர்களுக்கும், காப்பகங்களில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

வீட்டுக்குள் அடிபட்டு வெளியே வரும் பெண்களுக்குத் துணையாக ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போய்வரும் தன்னார்வலர்கள் நாங்கள். சகி மையத்தில் ஒரு பெண் தங்குவதற்குத் திட்டம் தரும் காலம் ஐந்து நாள் வரைதான். அதற்குள் காயம் பதிவாக வேண்டும், மனு தயாராக வேண்டும், அடுத்துத் தங்க ஓர் இடம் அமைய வேண்டும். ஒன்று பிசகினாலும் ஆறாம் நாள் அவர் கிளம்பி வந்த அதே வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கும். பிசகாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு எழுதுகிறோம். 'நல்ல மனசு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. என்ன செய்தீர்கள் என்பதையே சொல்கிறோம்.

பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேட்டு, ஆம், இல்லை என்ற பதில்களிலேயே விவரம் வாங்கத் தெரிந்த 181 பணியாளர்களுக்கு நன்றி. திரும்ப அழைக்கலாமா, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்வீர்கள். அதைக் கேட்காமல் அழைத்தால் போனை எடுப்பது கணவராக இருக்கலாம்.

காப்பக வாசலில் புகார் எங்கே, ஆதார் எங்கே என்று நிறுத்தாதவர்களுக்கு நன்றி. வீட்டில் நடந்த வன்முறையைப் பதியும் நிகழ்வு அறிக்கை (நாம் டி.ஐ.ஆர். என்று சொல்வது) இன்னும் பதிவாகவில்லை என்று காரணம் காட்டி இடம் மறுக்கக் கூடாது என்பது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளிலேயே இருக்கிறது. அந்தப் பெண் விரும்பினால், அவர் அங்கே தங்கியிருப்பதை எதிர்தரப்புக்குச் சொல்லவும் கூடாது. விதி இருந்தாலும் நள்ளிரவில் 'காலையில லெட்டரோட வாங்க' என்று அனுப்பிவிடுவது சுலபம். நீங்கள் கதவைத் திறந்துவிட்டுப் பிறகு பேப்பரைத் தேடினீர்கள்.

போனை அணைத்து வைக்கச் சொல்வதோடு விடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள்: லொகேஷன் பகிர்வு, கணவர் போனிலும் திறந்திருக்கும் கூகுள் கணக்கு, வேறு கருவியில் இணைந்திருக்கும் வாட்ஸ்அப், பிள்ளை கையிலிருக்கும் டேப்லெட். வங்கிக் கணக்கோடு இணைந்த எண் கணவருடையது என்றால், எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் 500 ரூபாய் எடுத்தாலும் குறுஞ்செய்தி அவருக்குப் போய்விடும். மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகைக்கும் இதே கதைதான். வங்கிக்கும் ஆதார் மையத்துக்கும் நேரில் கூட்டிப்போய் எண்ணை மாற்றிக் கொடுத்தவர்களை மறக்க மாட்டோம்.

அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் விரிவாகவே நன்றி சொல்ல வேண்டும். வழக்கின் தலையெழுத்து பல நேரம் ஏ.ஆர். காப்பியின் (ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) ஒரு வரியில்தான் இருக்கிறது. கூட வந்த மாமியார் எதிரே கேட்டால் 'படியில விழுந்துட்டேன்' என்ற பதில்தான் வரும். அது அப்படியே ஏறிவிட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். நீங்கள் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டீர்கள். யார், எதனால், எப்போது என்று அவர் சொன்னபடியே எழுதினீர்கள். 'கையில் காயம்' என்று முடிக்காமல் இடது முன்கையா, உள்பக்கமா வெளிப்பக்கமா, எத்தனை செ.மீ., என்ன நிறம் என்று குறித்தீர்கள். கழுத்தை நெரித்ததாகச் சொன்னால் தோலில் தடமே இல்லாவிட்டாலும் குரல் கம்மியிருக்கிறதா, விழுங்க முடிகிறதா, கண்ணில் ரத்தப் புள்ளிகள் உண்டா என்று பார்த்தீர்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே தொண்டைக்குள் வீக்கம் வரலாம் என்பதால், 'காயமில்லை' என்று அனுப்பிவிடுவது உயிருக்கே ஆபத்து. கன்றிய இடம் ஓரிரு நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரியும் என்று மறுபடி வரச் சொல்லி இரண்டாம் முறை பதிந்தவர்களும் உண்டு. பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் விதிதான். அதைக் கேட்காமலே கையில் கொடுத்தீர்கள்.

பாதுகாப்பு அலுவலர்களே, டி.ஐ.ஆர்.-இல் 'அடிக்கடி அடிப்பார்' என்று எழுதினால் எடுபடாது என்பது உங்களுக்குத் தெரியும். தேதி நினைவில்லாதவரிடம் பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா, பெரியவளுக்குக் காது குத்தினபோதா என்று பொறுமையாகக் கேட்டு வரிசைப்படுத்தினீர்கள். அடியோடு நிற்காமல், சம்பள ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்ததையும் நகையை அடகு வைத்ததையும் பொருளாதார வன்முறையாகப் பதிந்தீர்கள். எத்தனை சவரன் என்ற கணக்குக்கு ரசீது கிடைக்காதபோது கல்யாண ஆல்பத்தைச் சேர்க்கச் சொன்னது நல்ல யோசனை.

ஜீவனாம்சம் மட்டும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வாய்தாவுக்கு நடப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மனுவிலேயே பாதுகாப்பு, வசிப்பிடம், பணம், பிள்ளைகள் பொறுப்பு, இழப்பீடு என்று 18 முதல் 22 வரையுள்ள பிரிவுகளில் பொருந்துவதையெல்லாம் கேட்டு, 23-ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவுக்கும் பிரமாணப் பத்திரம் போட்ட வழக்கறிஞர்களுக்கு நன்றி. முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் நடப்பு வேறு. அதனால்தான் இடைக்கால உத்தரவு இல்லாத மனு பாதி மனு. தற்காலிகமாகத் தங்கும் ஊரிலேயே வழக்குப் போட 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் மனுவில் காப்பக முகவரியை எழுதினால் நகல் நேராகக் கணவர் கைக்குத்தான் போகும். தொடர்புக்கு உங்கள் அலுவலக முகவரியைக் கொடுத்தீர்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்று எதிர்தரப்பு சொன்னதும், கூட்டாக வாழ்ந்த வீடு கணவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்ற 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்து வைத்தீர்கள். வருமானம் பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்பதை இன்னும் பலர் நம்புவதில்லை. 15100-க்கு ஒரு போன் போட்டால் போதும்.

மகளிர் காவல் நிலையங்களில் 'அனுசரிச்சுப் போம்மா' என்று பேசி அனுப்பாமல் மனு ரசீது கொடுத்தவர்களுக்கும் நன்றி. கோர்ட் உத்தரவின் நகல் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததா என்று ரைட்டரிடம் கேட்டு, கோப்பில் ஏற்றியவர்களுக்கு இரட்டை நன்றி. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் கணவர் கதவைத் தட்டும் ராத்திரியில் ட்யூட்டியில் இருப்பவருக்கு அப்படி ஓர் உத்தரவு இருப்பதே தெரியாவிட்டால் அது வெறும் காகிதம்.

கடைசியாக ஒரு வேண்டுகோளும். 12 வயதைத் தாண்டிய மகனை அம்மாவோடு சகி மையத்தில் தங்க வைக்க முடிவதில்லை. இதைக் கேட்டதுமே திரும்பிப் போய்விடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். சித்தி வீடு, பள்ளி விடுதி, குழந்தைகள் நலக் குழு என்று நீங்களே போன் போட்டு இடம் பிடித்துக் கொடுக்கிறீர்கள். யார் வேலைப் பட்டியலிலும் இல்லாத வேலை இது. அந்த வயது வரம்பை மாற்றும்படி துறைக்கு நாங்கள் மனு எழுதுகிறோம். உங்கள் மையத்தில் இதனால் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்ற கணக்கை, பெயர் விவரம் இல்லாமல், மாதாந்திர அறிக்கையில் சேர்த்துவிட்டால் மனுவுக்குப் பலமாக இருக்கும்.

இப்படிக்கு,
துணை வரும் தன்னார்வலர்கள்